லாஜிக்கல் ரீட் மட்டும் போதுமா?

எஸ்.க்யூ.எல். சர்வரில் இரண்டு குவெரிகளை ஒப்பிட வேண்டுமா? ‘செட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐ.ஓ. ஆன்’ போடு, லாஜிக்கல் ரீட் எதில் குறைவோ அதை எடுத்துக்கொள். இந்த வழக்கம் இன்று விதியாகவே ஆகிவிட்டது. ஓடும் நேரம் ஒவ்வொரு முறையும் மாறும், லாஜிக்கல் ரீட் மாறாது என்பது ஆதரவாளர்களின் வாதம். அதில் உண்மை உண்டு. பிறர் பிடித்துவைத்த லாக்கும் பின்னணியில் ஓடும் பேக்கப்பும் நேரத்தைக் குலைத்துவிடும். இண்டெக்ஸ் இல்லாமல் டேபிள் முழுவதையும் துழாவும் குவெரியை இந்த எண் சட்டென்று காட்டிக்கொடுக்கும்.

ஆனால் மாறாத எண் என்பதாலேயே அது சரியான அளவுகோல் ஆகிவிடாது. லாஜிக்கல் ரீட் எண்ணுவது, நினைவகத்தில் தொட்ட 8 கேபி பக்கங்களை மட்டும். அதன்பின் நடக்கும் சார்ட்டிங், ஜேசனைப் பிரிப்பது, ஹேஷ் டேபிள் கட்டுவது எதற்கும் அதில் கணக்கில்லை. ஹேஷ் ஜாயின் டேபிளை ஒருமுறை படித்துவிட்டு ‘குறைந்த ரீட்’ என்று பெயர் வாங்கிக்கொள்ளும். அதற்கு ஒதுக்கிய மெமரி கிராண்டுக்காக மற்ற குவெரிகள் வரிசையில் நிற்பது அந்த அறிக்கையில் வராது.

இதைவிட மோசமானது ஸ்கேலர் ஃபங்ஷன். ஆர்டர் டேபிளிலிருந்து ஒரு லட்சம் வரிகள். ஒவ்வொன்றுக்கும் வாடிக்கையாளர் நிலுவையைக் கணக்கிட ஒரு ஃபங்ஷன். அது உள்ளே இன்வாய்ஸ் டேபிளைப் படிக்கிறது. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஐ.ஓ. அறிக்கையில் இன்வாய்ஸ் என்ற பெயரே வராது. அதையே ஜாயினாக மாற்றி எழுதுங்கள்: இன்வாய்ஸ் பக்கங்கள் முழுக் கணக்கோடு வந்து நிற்கும். ஒப்பீட்டில் ஃபங்ஷன் ஜெயிக்கிறது. பயன்படுத்துபவர் திரையைப் பார்த்துக் காத்துக்கிடக்கிறார். அதே பேட்சை எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸில் பார்த்தால்தான் மறைந்திருந்த ரீட்கள் வெளியே வரும். 2019 பதிப்பு இத்தகைய ஃபங்ஷன்களைக் குவெரிக்குள்ளேயே விரித்துக்கொள்கிறதே என்பார்கள். எல்லாவற்றையும் அல்ல, உள்ளே ஒரு கெட்டேட் இருந்தாலே அந்தச் சலுகை போய்விடும்.

நல்ல குவெரியை நிராகரித்து மோசமானதைத் தேர்ந்தெடுக்க வைக்கும் அளவுகோலை, ‘பொதுவாகச் சரியாக இருக்கும்’ என்று சொல்லிக் காப்பாற்றுவது தொழிலுக்கு நேர்மையில்லை. 2016 பதிப்பிலிருந்தே குவெரி ஸ்டோர் சிபியூ நேரத்தையும், எடுத்துக்கொண்ட நினைவகத்தையும், மொத்த நேரத்தையும் சேர்த்தே சேமித்துவைக்கிறது. அவற்றைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘ரீட் பாதியாகிவிட்டது’ என்ற ஒற்றை வரியோடு ரிவ்யூவுக்கு வரும் மாற்றத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும், எழுதியவர் எத்தனை மூத்தவரானாலும்.