இரண்டு வெப்பங்களும் ஒரு விளம்பரமும்

"ஹாட் பிரஸ் செய்த பலகை சார், கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது." மரக்கடைகளில் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. இவற்றை நம்பித்தான் லாஸ்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறைக்கும் ஒட்டுப்பலகையில் அலமாரி செய்தோம். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் கழுவுதொட்டியின் கீழிருந்த கதவு ஓரம் உப்பி, மூட மறுத்தது. ஆனால், பசை எங்கும் விட்டுப்போகவில்லை, மரமே பருத்திருந்தது. அப்படியானால் கடைக்காரர் சொன்னது பொய்யா? பொய்யன்று, பாதி உண்மை. மறுபாதியை இங்கே காண்போம்.

மெல்லிய மரத்தகடுகளை நார் குறுக்கும் நெடுக்குமாக அமையும்படி அடுக்கிப் பசையிட்டு, சூடான அழுத்தப் பொறியில் வைத்து ஒட்டுப்பலகை செய்கிறார்கள். அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 100 முதல் 150 டிகிரி செல்சியஸ். நேரம் சில நிமிடங்களே. இந்த வெப்பம் பசையை இறுகச் செய்கிறது. மரத்தின் இயல்பை அது பெரிதாக மாற்றுவதில்லை.

கப்பல் தர ஒட்டுப்பலகைக்கான ஐ.எஸ். 710 தரத்தில் 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனை உண்டு. கொதித்த துண்டின் அடுக்குகளைக் கத்தியால் நெம்பிப் பிரித்துப் பார்ப்பார்கள். பசை விடாமல் மரநார் பிய்ந்து வந்தால் பலகை தேறியதாகும். இது கடுமையான சோதனைதான். ஆனால் தேர்வு எழுதியது பசை; மரம் அன்று!

மரம் ஏன் பருக்கிறது? அதிலுள்ள செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ் ஆகியவற்றின் ஹைட்ராக்சில் தொகுதிகள் நீர் மூலக்கூறுகளைப் பற்றிக்கொள்கின்றன. ஏறக்குறைய 180 முதல் 220 டிகிரியில், காற்றோட்டமின்றிச் சில மணி நேரம் சுட்டால் ஹெமிசெல்லுலோஸ் சிதைகிறது, நீரைப் பற்றும் இடங்கள் குறைகின்றன, வீக்கமும் குறைகிறது. மரத்தையே மாற்றும் இரண்டாவது வெப்பம் இதுதான். 1940-களிலேயே அமெரிக்காவில் ஸ்டாம் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் இதைச் செய்து காட்டினர். பின்லாந்தில் 1990-களில் இது தொழிலாக வளர்ந்தது.

இதற்கும் விலை உண்டு. சுட்ட மரம் நொறுங்கும் தன்மை பெறுகிறது. வளைவு வலிமை குறைகிறது. யூரியா-பார்மால்டிஹைடு பசையிட்ட துகள் பலகையை இவ்வாறு சுட்டால் பசையே சிதையும். தீங்கான பார்மால்டிஹைடு ஆவியும் வெளிப்படும். ஆகவே "வெப்பத்தில் செய்தது" என்ற ஒரே சொல்லால் எல்லாப் பலகைகளையும் புகழ்வது அறிவியலாகாது. எந்த வெப்பம், எவ்வளவு நேரம், எந்தப் பசை என்று கேட்க வேண்டும்.

என் குறை சோதனையின் மீதன்று. ஒரு சோதனையின் முடிவை வேறொரு கேள்விக்கு விடையாக விற்பதன் மீதுதான். துகள் பலகைக்கான ஐ.எஸ். 3087 தரத்தில் தடிமன் வீக்கத்துக்கும் சோதனை உண்டு. அந்த எண் வாங்குபவர் கண்ணில் படுவதுதான் அரிது.

மாணவர்களே, தச்சர் கழித்துப்போடும் துண்டு ஒன்றை எடுங்கள். வெர்னியர் அளவியால் தடிமனை அளந்து, 24 மணி நேரம் நீரில் ஊறவைத்து மீண்டும் அளவுங்கள். 18 மி.மீ. துண்டு 19.8 மி.மீ. ஆனால் வீக்கம் 10 விழுக்காடு. பலகை வாங்கும் முன் இதைச் செய்திருந்தால், இயற்பியல் கற்பிக்கும் நான் அந்தக் கதவை இழைத்துக்கொண்டு நின்றிருக்க மாட்டேன்.