டேக் ரக்பியில் தடுப்பாட்டமும் கூட்டு முயற்சியும்

இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் 7 முதல் 11 வயது வரையுள்ள மாணவர்கள் ஆடும் டேக் ரக்பி, எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் உடல்மோதலை ரக்பியிலிருந்து நீக்கி அமைத்த விளையாட்டாகும். ஒவ்வொருவரும் இடுப்பு வாரில் இரண்டு துணிப்பட்டைகளை ஒட்டிக்கொண்டு ஆட, பந்தோடு ஓடுபவரின் பட்டையொன்றைப் பறித்து உயர்த்தி 'டேக்' என்று குரல் கொடுப்பதே இதில் தடுப்பு எனப்படுகிறது. பட்டையை இழந்தவர் உடனே பந்தைப் பக்கவாட்டிலோ பின்புறமாகவோ தம் அணியினருக்கு எறிந்துவிட வேண்டும். 2014 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அந்நாட்டுத் தேசியப் பாடத்திட்டம் இவ்வயதினருக்கான பகுதியில் ரக்பியைப் பெயர் சுட்டிக் கூறவில்லை எனினும், தாக்குதல், தடுப்பு ஆகியவற்றின் அடிப்படை நெறிகளை இவ்வயதினர் ஆட்டத்தில் கையாள வேண்டும் என்று வகுத்துள்ளமையால், இவ்விளையாட்டு அதற்கு இயல்பாகவே பொருந்துகிறது.

இதன் பெருஞ்சிறப்பு எளிய விதியொன்றில் அடங்கியுள்ளது. பட்டையைப் பறித்தவர் அதை உரியவரிடம் திருப்பிக் கொடுத்த பின்னரே மீண்டும் ஆட்டத்தில் கலந்துகொள்ளலாம் என்பதால், வெற்றிகரமான ஒவ்வொரு தடுப்பும் அடுத்த சில நொடிகளுக்குத் தடுப்பு வரிசையில் ஓர் இடைவெளியை உண்டாக்குகிறது. அருகில் நிற்பவர் நகர்ந்து அதை அடைக்காவிட்டால் எதிரணி அவ்வழியே புகுந்துவிடும். கூட்டு முயற்சியைப் பற்றி அறிவுரை கூறத் தேவையின்றி, அது இல்லாததன் விளைவைச் சிறுவர்களே உடனுக்குடன் கண்டுகொள்ளும் இத்தகைய வாய்ப்பு, பள்ளி விளையாட்டுகளில் எளிதில் அமைவதில்லை.

எனினும் கற்பிக்கும் முறை இவ்வாய்ப்பைப் பெரும்பாலும் வீணாக்குகிறது. தடுப்பாளர்கள் ஒரே கோட்டில் நின்று ஒருங்கே முன்னேறி, எதிரணியின் நேரத்தையும் இடத்தையும் குறைப்பது 'நேர்கோட்டுத் தடுப்பு' ஆகும். எதிராளியே இல்லாத வெற்றுத் திடலில், பயிற்றுநரின் ஆணைக்கேற்ப இதைப் பழகும் மாணவர்கள் குரலுக்குக் கீழ்ப்படியக் கற்கிறார்களே தவிர, எதிரணியின் நகர்வைக் கணிக்கக் கற்பதில்லை; ஆட்டம் தொடங்கியதும் எல்லோரும் பந்தை நோக்கியே ஓடிக் குவிகின்றனர். லஃப்பரோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பங்கரும் ராட் தார்ப்பும் 1982இல் முன்வைத்த, ஆட்டத்தைப் புரிந்துகொள்வதிலிருந்து நுட்பத்துக்குச் செல்லும் கற்பித்தல் முறை இக்குறையைத் தீர்க்க வல்லது. குறுகிய திடலில் மூவரை இருவர் தடுக்கும் சிற்றாட்டத்தை நடத்தி, இடையில் நிறுத்தி, 'இப்போது யாரைத் தடுக்க ஆளில்லை?' என்று கேட்டால், வரிசையின் தேவையை மாணவர்களே உணர்வார்கள்.

பறித்த பட்டைகளை எண்ணிப் பாராட்டும் வழக்கம் வெற்றுத் திடல் பயிற்சியினும் பெரிய தீங்கைச் செய்கிறது. ஓரத்தில் சரியான இடத்தில் நின்று, எதிரணியின் ஓட்டத்தை நடுப்பகுதிக்குத் திருப்பிய சிறுமியின் கையில் பட்டை ஏதும் இராது. தடுப்பின் பாதிப் பணியைச் செய்தவர் அவரே என்பதை ஆசிரியர் எடுத்துரைக்காவிடில், விரைந்தோடத் தெரிந்த ஓரிருவருக்கே பாராட்டு அனைத்தும் போய்ச் சேரும்.

இடுப்பை நோக்கிக் கை நீட்டும் பழக்கம் பிற்காலத்தில் உடல்மோதல் ரக்பிக்கு உதவாது என்னும் குறைகூறல் உண்மையே. ஆயினும் பள்ளி ரக்பியில் ஆளைப் பிடித்து வீழ்த்துவதைத் தடை செய்யுமாறு மருத்துவர்களும் கல்வியாளர்களுமாக 70க்கும் மேற்பட்டோர் 2016இல் வெளிப்படையாகக் கடிதம் எழுதிய சூழலில், தொடக்கப் பள்ளி ஆட்டத்தை அந்த அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது. கற்பிக்கும் முறையைப் பொறுத்தவரை, 7, 8 வயதினருக்குச் சிற்றாட்டங்களே போதுமானவை. நேர்கோட்டுத் தடுப்பை 10 வயதை ஒட்டியவர்களுக்கு மட்டும் கற்பிப்பதே தகும்.