சிவப்பு எண்ணெயும் கண்சிமிட்டும் விளக்கும்

பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸைக் கழற்றாமலே அதன் கோளாறைக் கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் மேல் எனக்குத் தீராத மதிப்பு. அவர்கள் முதலில் தொடுவது ஸ்பேனரை அல்ல, ஆயில் குச்சியை.

1990களின் டொயோட்டா கேம்ரியை எடுத்துக்கொள்வோம். ஓடிச் சூடேறிய வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடி லீவரை எல்லா நிலைகளுக்கும் நகர்த்தி, பார்க்குக்குக் கொண்டுவந்து, என்ஜின் ஓடும்போதே குச்சியை உருவ வேண்டும். (ஹோண்டாவில் என்ஜினை அணைத்த பிறகு.) தெளிந்த சிவப்பு என்றால் நிம்மதி. எண்ணெய் கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகத் தொடங்கியிருக்கும். கலங்கிய இளஞ்சிவப்பா? பெரும்பாலும் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் விரிசல் கண்டு தண்ணீர் கலந்திருக்கும்.

பிறகு ஓட்டிப் பார்ப்பது. என்ஜின் இரைகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது டாஷ்போர்டில் எரியும் ‘ஓ.டி. ஆஃப்’ (ஓவர்டிரைவ் ஆஃப்) விளக்குதான். பானட்டுக்கு அடியில் உள்ள சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 துளைகளை ஒரு கம்பித் துண்டால் இணைத்து, ஓ.டி. பட்டனை ஆன் நிலையில் வைத்துச் சாவியைத் திருப்பினால், விளக்கு கண்சிமிட்டியே கோளாறின் குறியெண்ணைச் சொல்லிவிடும். 62 என்றால் கியரை மாற்றும் முதல் சோலினாய்டு வால்வு, 63 என்றால் இரண்டாவது. எவ்வளவு அழகான ஏற்பாடு! சில நேரம் கோளாறு ஒரு ஒயரில் மட்டுமே இருக்கும்.

கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், என்ன குறியெண் வந்தது என்று முதலில் கேளுங்கள்.