ஏவற்சொல் ஆட்டங்கள்

இலக்கியப் பகுதியிலே நாவலையும் நாடகத்தையும் விட்டுவிட்டு ஆட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தாரே இக்கிராணியார் என்று அன்பர்களிற் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். ஆட்டம் என்றதும் பந்தையோ சீட்டையோ நினைக்க வேண்டுவதில்லை. நாம் எடுத்துக்கொண்டது வாசித்தும் எழுதியுமே ஆடப்படுவதோர் ஆட்டம். வீட்டுக் கணினி என்னும் பொருள் மேனாடுகளிற் புதிதாய்க் கடைக்கு வந்த காலத்தில், அதாவது 1978 முதற்கொண்டு ஏறக்குறையப் பத்தாண்டுகள், இது பெருவழக்காய் இருந்தது. பெரும்பாலானவற்றிற் படம் இராது, ஓசையும் இராது. நீ இன்ன இடத்தில் நிற்கிறாய், இன்னின்ன பொருள்கள் கிடக்கின்றன, இன்ன திசையில் வழியுண்டு என்று திரையில் நாலைந்து வரிகள் தோன்றும். அவற்றின் கீழே நாம் ஒரு கட்டளையை எழுத வேண்டும். விளக்கை எடு, கதவைத் திற, வடக்கே போ என்பன போல. அக்கட்டளை இயந்திரத்துக்கு விளங்கினால் கதை நகரும்; விளங்காவிடில் விளங்கவில்லை என்று முகத்திலடித்தாற் போற் சொல்லிவிடும்.

நாம் பிறந்தபோது இவ்வாட்டங்களை விற்ற கம்பெனிகளிற் பெயர்பெற்றவை மூடப்பட்டாயின. ஆயினும் பழைய இயந்திரத்தைப் போற் பாவனை செய்யும் மென்பொருளைக் கொண்டு இக்காலத்துக் கைப்பேசியிலும் இவற்றை ஆடலாம். தைப்பிங்கின் மழையை அன்பர்கள் அறிவர். இன்று எத்தனை மணிக்குப் பெய்யும் என்று பந்தயங் கட்டிப் பணம் வைத்த ஊர் இது. மாலை நான்கு மணிக்கு மழை பிடித்துக்கொண்டால் செம்பனைத் தோட்டத்துக் கிராணிக்குச் செக்ரோலை மூடி வைப்பதன்றி வேறு வேலை அதிகமில்லை. சென்ற மழைக்காலம் முழுதும் அவ்வேளைகளில் இவற்றை ஆடிப் பார்த்தோம். ஆங்கிலத்திற் படித்தவராகையால் கட்டளை எழுதுவதில் நமக்குத் தடையிருக்காது என்று எண்ணியே தொடங்கினோம். அவ்வெண்ணம் எவ்வாறாயிற்று என்பதைப் பின்னே கூறுவோம்.

இவ்வகைக்கு வித்திட்டவர் அமெரிக்கராகிய வில் கிரௌதர். கணினி வேலை பார்த்த அவர், குகைகளுள் நுழைந்து வழிகளை அளந்து படம் வரைவதிற் பேரார்வம் உடையவர். கென்டக்கியிலுள்ள மாமத் குகையிற் கண்டதை, தம் பெண்மக்கள் ஆடி மகிழும் பொருட்டு, 1970களின் நடுவிற் சொற்களாலான ஆட்டமாக்கினார். 1977இல் டான் உட்ஸ் அதனை விரித்தார். அது பெரிய நிலையங்களின் பெரிய இயந்திரங்களில் ஓடிற்று. வீட்டுக்குக் கொணர்ந்தவர் ஸ்காட் ஆடம்ஸ். 1978இல் அவர் வெளியிட்ட ‘அட்வெஞ்சர்லேண்ட்’ 16 கிலோபைட்டு நினைவகத்தில் அடங்கிற்று. இன்று நாம் ஒருவருக்கொருவர் அனுப்பும் காலை வணக்கப் படம் ஒன்றுக்கே அதற்கு மேல் இடம் வேண்டும். அவ்வாட்டத்துக்கு விளங்குவன இரண்டே சொற்கள்: ஒரு வினை, ஒரு பெயர். ஒவ்வொரு சொல்லிலும் முதல் மூன்று எழுத்துகளுக்கு மேல் அது பார்ப்பதுமில்லை. பாதி கேட்டவுடனே போதும் போ என்னும் மேலதிகாரிகளை நாம் கண்டிருக்கிறோமாதலால் இது நமக்குப் புதுமையாய்த் தோன்றவில்லை.

இவற்றுள் யாவரும் மெச்சுவது ‘ஸோர்க்’. 1977இல் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நால்வர் தொடங்கி, பின்னர் இன்ஃபோகாம் என்னும் கம்பெனியின் வழியே 1980இல் வீட்டுக் கணினிக்கு வந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட சொற்கள் அதற்குத் தெரியும். இரண்டு சொல்லோடு நில்லாமல் முழு வாக்கியத்தையும் வாங்கிக்கொள்ளும். நடையில் நல்ல நகையுண்டு. இருட்டிலே நம்மைத் தின்னக் காத்திருக்கும் பிராணியை எந்தப் படமும் காட்டாமலே அஞ்ச வைக்கும் திறம் உயர்ந்த திறமே. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இவ்வாட்டத்தின் பொருள் யாது? நிலத்தடியிற் புகுந்து, அகப்பட்ட பொக்கிஷங்களையெல்லாம் எடுத்து, மேலேயுள்ள வெள்ளை வீட்டுப் பெட்டியில் அடுக்குவது. அடுக்கிய கணக்குக்கு 350 புள்ளி. அவை யாருடையவை என்னும் கேள்வி ஆட்டத்தில் எங்கும் எழுவதில்லை. ஈயச் சுரங்கத்தால் உண்டான ஊர் தைப்பிங். மண்ணுக்கடியிலிருந்து எடுத்தவர் யார், அது யார் வீட்டுப் பெட்டியிற் போய்ச் சேர்ந்தது என்று கேளாமல் இவ்வூரான் ஒருவன் இவ்வாட்டத்தை ஆடி முடிப்பது கடினம். அன்றியும், பகல் முழுதும் வரவு பதிகிற வேலையைச் செய்துவிட்டு இரவிலும் அதையே செய்வதில் நமக்கு என்ன சுகம்?

அதே கம்பெனி 1985இல் வெளியிட்ட ‘எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்’ முற்றும் வேறு வகை. எழுதியவர் ஸ்டீவ் மெரெட்ஸ்கி. கதாநாயகன் ஒரு கணினி. தன்னை மனிதன் என்று எண்ணி வளர்ந்தது. நாட்டைச் சீராக்குவோம் என்று அரசியல்வாதிகள் கொண்டுவரும் ஒரு திட்டம் பின்னாளில் என்ன விளைக்கும் என்பதறிய, ராக்வில் என்னும் கற்பனை நகருள் அதனை அனுப்புகிறார்கள். எடுப்பதற்குப் பொக்கிஷம் இல்லை. நடக்க வேண்டும், பார்க்க வேண்டும், பார்த்ததைப் பதிவு செய்து கொண்டுவர வேண்டும், அவ்வளவே. முதற் பத்தாண்டிற் பார்த்த தெருவையும் கடையையும் வீட்டையும் அடுத்தடுத்த பத்தாண்டுகளில் மறுபடி பார்க்கிறோம். ஊர் சிறிது சிறிதாய் அழுகுகிறது. நம் வீட்டுள்ளேயே காவலர் புகுந்து உருட்டிப் போடுகையில், எடு, திற, வெட்டு என்ற கட்டளைகளெல்லாம் கையிலிருந்தும் ஒன்றும் செய்யமாட்டாமல் நிற்கிறோம். ஒரு நாவலைப் படிக்கையில் இந்த இயலாமையை நாம் கதாநாயகன்மேல் ஏற்றிவிட்டுத் தப்பிக்கலாம். இங்கே கட்டளையை எழுதிய விரல் நம்முடையது. இவ்வகைக்கே உரிய இலக்கியப் பயன் இதுவென்று நாம் கருதுகிறோம். 128 கிலோபைட்டுக் கணினி வைத்திருந்தோரே இதனை ஆட முடிந்தது. ஸோர்க் போல் இது விற்கவில்லை என்பதில் வியப்பில்லை.

ஆனால் நம்மை உறங்கவொட்டாமற் செய்தது இதுவுமன்று. 1982இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிலிருந்து வந்த ‘தி ஹாபிட்’. டோல்கீன் எழுதிய கதையைத் தழுவியது. வெரோனிகா மெக்லர் என்னும் கல்லூரி மாணவியும் பிலிப் மிட்செலும் முதன்மையாய் நின்று ஆக்கினர். கதைமாந்தர் நம் கட்டளைக்குக் காத்திராமல் தம் போக்கில் நடமாடும் உலகை அமைத்ததில் மெக்லருக்கே பெரும்பங்கு. ஆயினும் அவர் பெயர் நெடுங்காலம் வெளியே அதிகம் பேசப்படவில்லை. நாம் ஒன்றும் எழுதாமல் உட்கார்ந்திருந்தால் காலம் நம்மை விட்டுவிட்டு ஓடும். தோரின் என்னும் குள்ளத் தலைவர் அமர்ந்து பொன்னைப் பற்றிப் பாடத் தொடங்கிவிடுவார். பிழைகளும் மலிந்தது இவ்வாட்டம். வேண்டியவர் எங்கோ அலைந்து மாண்டு போக, நாம் கதையின் நடுவே அகதியாய் நின்றதுண்டு. எனினும் குறிப்பிடத்தக்க ஒன்று இதில் உண்டு. ஆட்டத்துள் இருக்கும் ஒருவரிடம் ‘இதைச் செய்’ என்று நாம் சொல்லலாம். அவர் மாட்டேன் என்றும் சொல்லலாம்.

பூதங்களின் சிறையிலே ஓரிடம். சாளரம் உயரத்தில் இருக்கிறது, நமக்கு எட்டாது. துணைவர் ஒருவர் நம்மைத் தூக்கினாலன்றித் தப்ப முடியாது. அன்று மழை கனத்திருந்தது. பக்கத்து லயத்துப் பிள்ளைகள் நால்வர் நம் வராந்தாவில் ஒதுங்கியிருந்தனர். திரையிலுள்ளதை நாம் தமிழிற் சொல்லச் சொல்ல, அவர்கள் தமிழிற் சொல்லும் கட்டளையை நாம் ஆங்கிலத்தில் எழுதினோம். தாடி வைத்த தோரினைப் பற்றிக் கேட்டிருந்த எட்டு வயதுச் சிறுமி, “தோரின் தாத்தா, என்னைக் கொஞ்சம் தூக்கி விடுங்க” என்றாள். நாம் எழுதியது: கேரி மீ. தோரின் மறுத்துவிட்டார். அவள் நம்மைத் திரும்பிப் பார்த்து, “தாத்தான்னு போட்டீங்களா, அங்கிள்?” என்றாள்.

போடவில்லை. போடுவதற்கு அதில் இடமில்லை. தாத்தா, கொஞ்சம், விடு, ங்க என்ற நான்கையும் நாம் வாசலிலேயே நிறுத்திவிட்டு எஞ்சியதை உள்ளே அனுப்பினோம். இது நமக்குப் பழகிய தொழில் என்பது அப்போதுதான் உறைத்தது. மானேஜர் ஆங்கிலத்திற் சொல்வதைப் பிரட்டுக்களத்திலே தமிழாக்குவதும், தொழிலாளி தமிழில் நீட்டிச் சொல்வதை ஆபீசிலே இரண்டு வரி ஆங்கிலமாக்குவதும் கிராணியின் வேலையாய் நெடுங்காலம் இருந்து வந்தது. முதல் மூன்று எழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் அவ்வியந்திரத்தை மேலே பரிகசித்தோம். அப்பரிகாசத்தில் நமக்கும் பங்குண்டு.

ஆங்கிலத்தில் ‘டேக்’ என்பது யாருக்கும் ஒன்றே. தமிழில் ஏவல் என்பது ஏவுவோன் யார், ஏவப்படுவோன் யார் என்பதைக் காட்டிக் கொடுத்துவிடும். எடு, எடப்பா, எடுங்கள், எடுத்துக் கொடுங்களேன் என்பவை ஒரு செயலையே சுட்டினும் நான்கு வெவ்வேறு உறவுகள். ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்திருக்கும் முறையை அன்பர்கள் அறிவர்: தாழ்ந்தவன் கேட்பது ஒன்று, ஒத்தவன் கேட்பது ஒன்று, உயர்ந்தவன் கேட்பது ஒன்று. கேட்கும் சொல்லுக்கும் படிக்கட்டு வைத்த மொழி நம்முடையது. தோட்டத் துரைமார் தமிழ் கற்க அக்காலத்திற் கையேடுகள் அச்சாயின. கொழும்பில் வெளியான ஒன்றுக்கு ‘இங்கே வா’ என்பதே பெயர். தமிழின் ஏராளமான படிகளில் அவர்களுக்கு வேண்டியிருந்தது அடிப்படி ஒன்றுதான். துரைமாரைச் சொல்லி நாம் தப்ப முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், நம் தந்தையினும் மூத்தவர் ஒருவரை, ‘நீ அந்த நிரைக்குப் போ’ என்று நாமே ஏவியிருக்கிறோம். அவர் போனார். தோரினுக்கு இருந்த வசதி அவருக்கு இல்லை.

அப்படியாயின் இவ்வாட்டம் தமிழில் ஏன் அக்காலத்தில் எழவில்லை? முதற்றடை எழுத்து. ‘தி ஹாபிட்’ ஓடிய ஸ்பெக்ட்ரம் கணினியில் ஆடுவோர் தாமே வரைந்துகொள்ளென்று ஒதுக்கிய எழுத்துகள் 21. நமக்கோ உயிரும் மெய்யும் ஆய்தமுமே 31 ஆயின. வேறு உபாயங்கள் உண்டெனினும் நினைவகத்தில் அதற்கு விலை கொடுக்க வேண்டும். அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக வேண்டுமென்று பெரியார் ஈ.வெ.ரா. 1935இல் தம் பத்திரிகையிற் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கம் ஏற்றது 1978இல். ‘அட்வெஞ்சர்லேண்ட்’ வெளியானதும் அவ்வாண்டே. ராக்வில் நகரை மெரெட்ஸ்கி எழுதி வெளியிட்ட 1985இல்தான் நம் நாட்டவரான முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். அங்கே கணினியிற் கதை எழுதிக்கொண்டிருந்தபோது இங்கே நாம் எழுத்தையே ஏற்றிக்கொண்டிருந்தோம்.

இன்று அத்தடை இல்லை. இலக்கணத் தடை இருக்கிறது. அது சுவையான தடை. ஆங்கில ஆட்டம் முதற்சொல்லை வினையென்று கொள்ளும். தமிழில் வினை கடைசியில் வரும். பெயரோ வேற்றுமையுருபை ஏற்று உருமாறி நிற்கும். மரம் மரத்தை ஆகும், வீடு வீட்டை ஆகும், ஆறு ஆற்றை ஆகும். படி என்பது ஏறும் படியா, படிக்கும் படியா? விளக்கு என்பது எடுப்பதா, துலக்குவதா? இவற்றுக்கெல்லாம் விதி எழுதிவிடலாம். அதைவிடக் கடினம், ஆட்டம் ஆடுவோனை எப்படி விளிக்கும் என்பது. நீ என்றால் அதட்டல் தொனிக்கும். நீங்கள் என்றால் ஆபீஸ் கடிதம் போலிருக்கும். ஆடுவோன் தாத்தாவை நீ என்றால் தாத்தா மறுக்க வேண்டும்; நீங்க என்றால் இரங்க வேண்டும்; சில தாத்தாக்கள் அதற்கும் இரங்கக் கூடாது. அவ்வாறு ஓர் ஆட்டம் அமைந்தால் நாம் ஆடிப் பார்த்த மேனாட்டு ஆட்டங்களிற் காணாததாய் அது இருக்கும்.

பழைய செக்ரோல் ஒன்றின் பின்பக்கங்களில் நாம் ஏவற்சொற்களை எழுதி வருகிறோம். தூக்கு என்பதற்குக் கீழே இதுவரை ஒன்பது வரிகள் ஆகியிருக்கின்றன. கொடு என்பதற்குக் கீழே அதைவிட அதிகம். நம் தோட்டத்தில் வழங்குவது சுங்கை சிப்புட் பக்கம் வழங்காதிருக்கலாம், பட்டணத்து அன்பர்கள் சொல்வது வேறாயிருக்கலாம். தங்கள் வீட்டில் மூத்தவரிடம் ஒரு பொருளை எடுத்துத் தரும்படி கேட்கையில் வாயில் வரும் சொல்லை, திருத்தாமல், உள்ளபடியே இப்பத்திரிகையின் வழியாய் எழுதியனுப்புவார்களாக. சிறுமியின் ஆட்டம் சிறையிலேயே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மழை வரும் நாளில் மறுபடி தொடங்கலாமென்று சொல்லியிருக்கிறோம்.