கோவளமா, காவலூரா?

"சனிக்கிழமை நாம எல்லாரும் காவலூர் போறோம்" என்று வீட்டில் நான் அறிவித்தபோது மகனின் காதில் ஹெட்போன் இருந்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. அவனுக்குக் கேட்டது 'கோவளம்'! சனிக்கிழமை காலை நீச்சல் கண்ணாடி, பிளாஸ்டிக் வாளி, மண் அள்ளும் கரண்டி சகிதம் முதல் ஆளாகக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும்தான் சந்தேகம் வந்தது. "அப்பா, கடல் அந்தப் பக்கம்தானே?" எட்டு வயசுக்கு அவனுடைய புவியியல் மோசமில்லை.

காவலூரில் கடல் கிடையாது. வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்பி, ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், 700 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிற சின்ன ஊர். காடு, புளியமரம், சாமை விளையும் நிலம், நடுவே வானத்தைப் பார்த்தபடி வெள்ளைக் கூண்டுகள். வைனு பாப்பு வான் ஆய்வகம்.

விஷயம் தெரிந்ததும் பையனின் முகம் தொங்கிப்போச்சு. "என் கிளாஸ்ல எல்லாரும் லீவுக்கு மாலத்தீவு போறாங்க. நாம மட்டும் மலைக்குப் போறோம்." 'எல்லாரும்' என்பது விசாரித்ததில் மூன்று பேர். ஆம்பூர் பிரியாணி வந்த பிறகுதான் சமாதானம் ஆனான்.

இத்தனைக்கும் நாங்களும் மாலத்தீவு போய்வந்தவர்கள்தான். இரண்டு வருஷம் முன்பு, நான்கு நாள், மூன்று இரவு. சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட விமர்சனம் எழுதுகிறோம். கடன் வாங்கிப் போய்வருகிற குடும்ப உல்லாசப் பயணத்துக்கு மட்டும் போட்டோ போடுவதோடு சரி. விமர்சனம் கிடையாது. எழுதினால் என்ன என்று மலைப்பாதையில் தோன்றியது.

*

முதலில் விளம்பரப் படம். எந்தத் தீவு ரிசார்ட்டின் படத்தை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மணல், நீல நீர், வெள்ளை உடையில் அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள். அவ்வளவுதான். வேறு மனித வாடையே இருக்காது. சுண்டல் பையன் இல்லை, பலூன் சுடுகிற கடை இல்லை, வலை காயப்போடுகிறவர் இல்லை. மெரினாவில் நம் குடும்பத்தைச் சுற்றி ஆயிரம் குடும்பங்கள் இருக்கும். யாரோ ஒருவருடைய பந்து நம் தலையில் விழும். அவர் வந்து "சாரி சார்" என்பார். ரிசார்ட் நமக்கு விற்பது கடலை அல்ல. அடுத்தவர்கள் இல்லாத கடலை.

இது தானாக அமைந்ததல்ல, திட்டமிட்டு உருவானது. மாலத்தீவின் முதல் ரிசார்ட் 1972-ல் மாலே பக்கத்தில் திறக்கப்பட்டது. பெயர் குரும்பா. அவர்கள் மொழியில் இளந்தேங்காய். நம்ம ஊர் குரும்பைதான்! மொத்தம் சுமார் 1,200 தீவுகள், அதில் ஆள் வாழ்வது 200-க்கும் குறைவான தீவுகளில். மிச்சத்தில் ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்று குத்தகைக்குக் கொடுத்தார்கள். பயணிகள் அங்கே, ஊர்க்காரர்கள் இங்கே. மது அங்கே உண்டு, இங்கே இல்லை. மக்கள் வாழும் தீவுகளில் வெளிநாட்டுப் பயணிகள் தங்குகிற விருந்தினர் இல்லங்களுக்குப் பல வருஷம் அனுமதியே கிடையாது. 2009 வாக்கில்தான் அந்தக் கதவு திறந்தது. பயணிகள் போட்ட குப்பை எங்கே போகிறது? அதற்கும் ஒரு தீவு உண்டு. திலாஃபுஷி என்று பெயர். 1990-களின் தொடக்கத்திலிருந்து குப்பை கொட்டிக் கொட்டியே மேடாக்கிய இடம். அதை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது.

நாங்கள் தங்கிய ரிசார்ட்டில் சாப்பாடு பரிமாறிய பையன் திருச்சிப் பக்கம். தமிழ் கேட்டதும் முகமெல்லாம் பல். மூன்றாம் நாள், "லீவு அன்னிக்குக் கடல்ல குளிப்பியா தம்பி?" என்று கேட்டேன்.

"டியூட்டி இல்லாம பீச்சுக்கு வரக்கூடாதுண்ணே. தீவுக்கு நடுவுல, செடிக்குப் பின்னாடிதான் எங்க ரூம். அலைச் சத்தம் கேட்கும்."

கொஞ்சம் நிறுத்தி, "வீடியோ கால்ல கடலைக் காட்டுடான்னு அம்மா கேட்டுச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி அஞ்சு நிமிஷம் போய்க் காட்டினேன்" என்றான்.

கடலுக்கு நடுவே வேலை பார்க்கிறவன் கடலைப் பார்க்க அனுமதி கேட்டு நிற்கிறான். நான் அதே மணலில் கால் நீட்டிப் படுத்திருக்கிறேன். அன்றைக்குச் சாயந்திரம் எனக்கு இளநீர் இறங்கவில்லை. ஆனாலும் குடித்தேன். காசு கொடுத்தாச்சே!

*

நான் பி.காம். எதையும் பற்று, வரவு என்று பிரித்துப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

பற்றுப் பக்கம் சுலபம். விமானம், படகு, அறை. அறை வாடகைக்கு மேலே சேவைக் கட்டணம் 10 சதவீதம். இன்றைக்குப் போகிறவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளுக்கான சரக்கு-சேவை வரி 17 சதவீதம் (2025 ஜூலைக்கு முன் 16). போதாததற்கு ரிசார்ட்டில் தலைக்கு ஒரு நாளைக்குப் பசுமை வரி 12 டாலர். எனக்கு இது எல்லாம் சேர்ந்து 18 மாதத் தவணையாக மாறியது.

வரவுப் பக்கம்தான் சிக்கல். 'குடும்பத்தோடு சேர்ந்து இருந்த நேரம்' என்று எழுதலாம். எவ்வளவு நேரம்? காலை பத்திலிருந்து சாயந்திரம் வரை சின்னவன் குழந்தைகள் கிளப்பில். பெரியவள் வைஃபை நன்றாகக் கிடைக்கிற தென்னை மரத்தைத் தேடிக் கண்டுபிடித்து அதன் அடியில். மனைவி, பேக்கேஜில் இலவசமாக வந்த மசாஜுக்கு. நான் ஆபீஸ் போனில். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தது காலை பஃபேயில் மட்டும். அங்கேயும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போனோம்.

இந்த இடத்தில் கட்டுரையை முடித்திருந்தால் நல்ல கண்டனக் கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் காரில் பக்கத்து இருக்கையில் மனைவி இருந்தாள். என் கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நாலு நாள் நான் அடுப்பைப் பார்க்கலை. யார் என்ன சாப்பிட்டாங்க, யாருக்குப் பத்தலைன்னு நான் யோசிக்கலை. பதினாறு வருஷத்துல அந்த நாலு நாள்தான். அதை எந்தப் பக்கம் எழுதுவீங்க?"

எழுதினேன். வரவில் அதுதான் பெரிய தொகை. நம் வீட்டு விடுமுறை என்பது பெரும்பாலும் அம்மா வேறு ஊரில் போய்ச் சமைப்பதுதான். பாட்டி வீடு, குலதெய்வம் கோயில், வாடகை பங்களா, எங்கே போனாலும் சரி. ரிசார்ட் அதை மாற்றிக் காட்டியது. அதனால் தீவுக்குப் போகிற குடும்பங்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. வீட்டில் ஒரு பெண்ணின் சுமையை இறக்கிவைக்க, செடிக்குப் பின்னாலே ஒரு பையனை ஒளித்துவைக்க வேண்டுமா? அந்தச் சுமையை நாங்கள் மூன்று பேர் வீட்டிலேயே பங்கு போட்டிருந்தால் 18 தவணை மிச்சமாகியிருக்குமே!

*

2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவு போன படங்கள் வந்தன. மாலத்தீவுத் துணை அமைச்சர்கள் சிலர் ஏதோ எழுதினார்கள். உடனே இங்கே, 'மாலத்தீவைப் புறக்கணிப்போம், லட்சத்தீவு போவோம்' என்று கிளம்பிவிட்டார்கள். எந்தத் தீவுக்குப் போவது என்பதில் நடந்த சண்டை அது. எப்படிப் போவது என்று பேசியவர்கள் குறைவு. லட்சத்தீவு எல்லாத் தீவும் சேர்ந்தே சுமார் 32 சதுர கிலோமீட்டர்தான். மணலுக்கடியில் மழைநீர் மெல்லிய படலமாகத் தேங்கி நிற்பதுதான் அங்கே கிணற்றுத் தண்ணீர். அதிகமாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். நாம் எல்லோரும் தேசபக்தியோடு போய் இரண்டு வேளை ஷவரில் நின்றால் தாங்குமா?

நமக்கே தீவுகள் உண்டு. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். 1986-ல் தேசியக் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் இப்போது கடலுக்கடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்தோம். அலையைத் தடுக்க ஆளில்லாமல் போனது, தீவும் போனது. மிச்சத் தீவுகளில் பெரும்பாலானவற்றில் பொதுமக்கள் இறங்க அனுமதி இல்லை. சரியான முடிவு. சில அழகுகளுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய உபகாரம், போகாமல் இருப்பதுதான்.

*

காவலூருக்கு வருகிறேன்.

மதியம் ஒரு வீட்டுத் திண்ணைக் கடையில் சாப்பாடு. சாமைச் சோறு, புளிக்குழம்பு. பரிமாறிய அம்மா எங்கள் பையன் நெற்றியிலிருந்த நீச்சல் கண்ணாடியைப் பார்த்து, "கண்ணுல ஆபரேசனா?" என்று கவலையோடு விசாரித்தார். கதையைச் சொன்னதும் சிரி சிரி என்று சிரித்தார். பிறகு, "இங்கயும் கார்ல வராங்க. நிலம் என்ன விலைன்னு கேட்டுட்டுப் போறாங்க. ரிசாட்டு கட்டணுமாம்" என்றார். "நல்லதுதானேம்மா, வேலை கிடைக்குமே?" என்றேன். "கிடைக்கும். எங்க நிலத்துல நாங்களே கூட்டிப் பெருக்கற வேலை" என்றார். திருச்சிப் பையன் ஞாபகம் வந்தது.

ஆய்வகத்தில் சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள். கிளம்பும் முன் விசாரித்துக்கொண்டு போவது நல்லது. 1968-ல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றோடு ஆரம்பித்த இடம் இது. 1972-ல், ஆமாம், குரும்பா ரிசார்ட் திறந்த அதே வருஷம், இங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977-ல் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த அவதானிப்புகளில் காவலூருக்கும் பங்கு உண்டு. இந்தியாவிலேயே உருவாக்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து அர்ப்பணித்தார். அதற்காகப் பாடுபட்ட வைனு பாப்பு அப்போது இல்லை. 1982-லேயே காலமாகிவிட்டார்.

அவர் இந்த மலையைத் தேர்ந்தெடுக்க ஒரு முக்கியக் காரணம், நகர வெளிச்சம் எட்டாத இருட்டு. இருட்டில்லாமல் அத்தனை பெரிய கண்ணாடியும் வெறும் கண்ணாடிதான். ஆய்வகத்துக்குள் வண்டி நுழையும்போதே, "ஹெட்லைட்டை அணைங்க சார்" என்றார் காவலாளி. காவலூர் காப்பது எதை என்று அப்போதுதான் புரிந்தது. ரிசார்ட்டுகள் வரிசையாக வந்து மரத்துக்கு மரம் சீரியல் பல்பு தொங்கவிட்டால், மலை அப்படியே இருக்கும், வானம் காணாமல் போய்விடும். மரத்தை வெட்டினால் கேஸ் போடலாம். இருட்டை வெட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது?

சின்னத் தொலைநோக்கி ஒன்றில் வியாழனைக் காட்டினார்கள். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஆலங்காயத்திலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள், பின்னால் வேலூர்க் குடும்பம் ஒன்று. என் மகன் நீச்சல் கண்ணாடியோடேயே குனிந்தான். "அதைக் கழட்டுப்பா" என்றார் காட்டுகிறவர். கழற்றிவிட்டுப் பார்த்தவன் கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பின்னால் இருந்த வேலூர்ப் பாட்டி, "போதும்டா ராசா, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை" என்றார்.

திரும்பும்போது சாலையோரம் காரை நிறுத்தி, விளக்கை அணைத்து, நாலு பேரும் பானெட்டில் சாய்ந்து மேலே பார்த்தோம். போனில் சிக்னல் போயிருந்தது. பெரியவள் முக்கால் மணி நேரம் எங்களோடு பேசினாள். அதை வரவில் எழுதிக்கொண்டேன்.

தீவுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பதிவு செய்வதற்கு முன் இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள். இந்த இடத்தில் வேலை பார்க்கிறவர் தன் குடும்பத்தை இங்கே கூட்டிவந்து காட்ட முடியுமா? இந்த ஊர்க்காரருக்கு இதில் முதலாளியாக இடம் உண்டா, பெருக்குகிறவராக மட்டுமா? இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் சந்தோஷமாகப் போய்வாருங்கள். மலையாக இருந்தாலும் இதே கேள்விகள்தான்.

வீடு வந்து சேர்ந்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. "அடுத்த மாசமும் காவலூர் போலாம்பா" என்றான் சின்னவன், இந்த முறை சரியான உச்சரிப்பில். நான் பெருமையோடு மனைவியைப் பார்த்தேன்.

"போலாமே" என்றாள். "வழிக்குப் புளியோதரை யார் கிளறுவா?"

கிளறக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.