நோவும் அயர்வும்: இலக்கியத்தில் அறிகுறிச் சொற்கள்

திருநாவுக்கரசர் உற்ற சூலைநோய் இக்கால மருத்துவத்தின்படி எந்நோயாகும் என்னும் வினா வகுப்பறையிலும் மேடையிலும் அடிக்கடி எழுவதுண்டு. இரைப்பைப் புண் என்பார் ஒருவர். பித்தப்பைக் கல் என்பார் மற்றொருவர். குடல்வால் அழற்சி என்று முடிவு கட்டுவாரும் உளர். மூன்று நோய்க்கும் வயிற்றுவலி பொது ஆகலின் மூவர் கூற்றையும் மறுத்தல் அரிது, நிறுவுதலும் அரிது. இவ்வினாவில் காலம் போக்குவதனால் பாட்டுக்கு ஆவது ஒன்றுமில்லை என்பது நம் கருத்து. சூலை என்னும் பெயரே குத்துதற் பொருளதாகிய சூலம் என்னும் வடசொல்லின் வழிவந்தது. பிற்காலச் சித்த மருத்துவ நூல்கள் வயிற்றில் வருவதனை மட்டுமன்றி மூட்டுகளில் வருவதனையும் சூலை என்றே வகுக்கும். எனவே நோய்ப்பெயர் போலத் தோன்றும் அச்சொல்லும் ஓர் அறிகுறியின் பெயரே. வலியும் அயர்வும் பல நோய்க்கும் பொதுவாக நிற்பன. அவற்றைக் கொண்டு நோய் இன்னதெனத் துணிதல் மருத்துவனுக்கே இடர் தருவது. இலக்கியம் கற்பான் காணவேண்டியது, அப்பொது அறிகுறிகளைப் புலவர் எச்சொல்லால் எவ்வாறு வேறுபடுத்தினர் என்பதே.

தொல்காப்பிய உரியியல் பையுள், சிறுமை என்னும் இரண்டற்கும் நோய் என்று பொருள் கூறுகின்றது. உயா என்பதற்கு உயங்கல் என்று பொருள் கூறுகின்றது. முன்னவை இரண்டும் துன்பத்தைச் சுட்ட, பின்னது வலியிழந்து தளர்தலைச் சுட்டுகின்றது. உரிச்சொல் என்பது வெளிப்படையாக விளங்காத சொற்குப் பொருளுணர்த்தும் பகுதி. அதில் தளர்ச்சிக்கென ஒரு தனிச்சொல் இடம்பெற்றமை, நோவையும் தளர்வையும் தமிழர் ஒன்றாகக் கருதவில்லை என்பதற்குச் சான்றாகும். மெய்ப்பாட்டியலில் இவ்வேறுபாடு மேலும் தெளிவுறுகின்றது. இளிவரலுக்கு நிலைக்களமாக ஆசிரியர் கூறும் நான்கனுள் பிணி ஒன்று, வருத்தம் ஒன்று. மூப்பும் மென்மையும் ஏனைய இரண்டு. பிணியும் வருத்தமும் ஒன்றாயின் இருகால் எண்ணுதல் வேண்டா. வருத்தம் என்பதனை உழைப்பாலும் வழிநடையாலும் வரும் மெலிவு எனக் கொள்வதே பொருத்தமுடைத்து. அழுகைக்கு நிலைக்களம் கூறுமிடத்தும் இளிவு, இழவு, வறுமை என்பவற்றோடு அசைவு என்பதனையும் ஆசிரியர் வைத்திருத்தல் நோக்கற்பாலது.

பிணியும் வருத்தமும் அச்சத்தின்பாலோ அழுகையின்பாலோ படாமல் இளிவரலின்பாற் பட்டது ஏன்? இளிவரலாவது தன்னைத் தான் தாழ்வாக உணர்தலும் பிறரால் தாழ்வாக எண்ணப்படுதலும் ஆம். நேற்று வரை செய்த செயலை இன்று செய்யமாட்டாமை அயர்வுற்றானுக்கு நாணம் தருகின்றது. காண்பார் அதனைச் சோம்பல் எனக் கொள்ளவும் கூடும். புண்ணுக்கு இரங்குவார் தளர்ச்சிக்கு இரங்குவதில்லை. இன்றும் ஆய்வுக்கூடத்தில் குருதி பார்த்துக் குறையொன்றும் இல்லை என்று சொல்லி அனுப்பப்பெறும் நோயாளர் உறுவது இவ்விளிவரலே.

அறிகுறி ஒன்றாயிருக்க நோய் வேறாதல் என்னும் சிக்கலை அகப்பாட்டு ஒரு துறையாகவே வளர்த்துள்ளது. தலைவி மெலிகின்றாள், நிறம் வேறுபடுகின்றாள், வளை கழல்கின்றது. இவற்றைக் கண்ட தாய் நோய் எனத் துணிகின்றாள். துணிவு தவறன்று; நோயின் காரணம்தான் தவறிவிடுகின்றது. முருகன் அணங்கியதெனக் கருதி வேலனை அழைக்க, வெறியாட்டு நிகழ்கின்றது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 261 அடிகளும் இப்பிழையைத் திருத்துதற்கென்றே தோழி பேசும் பேச்சாகும். தொடக்கத்திலேயே தாய் தன் மகளின் தீர்தற்கரிய நோய்க்காக அறிந்தாரை வினவியதனையும் தெய்வங்களைப் பரவியதனையும் தோழி எடுத்துரைக்கின்றாள். அறிகுறியைத் தோழி மறுக்கவில்லை. அஃது எங்ஙனம் வந்தது என்னும் வரலாற்றையே கூறுகின்றாள். மருத்துவன் நோயாளியிடம் வரலாறு கேட்டல் இக்காலத்து முறை. இங்கு வரலாறு தானே முன்வந்து தாயிடம் கூறப்படுகின்றது. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்னும் பழங்குறிப்பை வைத்துக் களவொழுக்கத்துக்கு விளக்கமாக மட்டுமே இப்பாட்டைக் கற்பிக்கும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. அறிகுறியினின்று காரணத்துக்குச் செல்லும் வழியில் எங்குப் பிழை நேர்கின்றது என்பதனைக் காட்டும் பாட்டாகவும் அதனைக் கற்பிக்கலாம்.

அகத்திணையின் அறிகுறிகள் பெரும்பாலும் பிறர் கண்ணுக்குப் புலனாவன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. பசலை நிறம், தோள் நெகிழ்ச்சி வடிவு. திருக்குறளில் பசப்புறு பருவரல், உறுப்புநலன் அழிதல் என்னும் அதிகாரப் பெயர்களே இதனை உணர்த்தும். மருந்து என்னும் அதிகாரம் இத்துறையில் நமக்கு உதவுவது சிறிதே. உண்ணும் அளவையும் மருத்துவன் ஆராயவேண்டியவற்றையும் கூறும் அவ்வதிகாரத்தில் நோயுற்றவன் குரல் கேட்பதில்லை.

ஆற்றுப்படை நூல்களில் அயர்வு வேறொரு வகையில் வருகின்றது. சிறுபாணாற்றுப்படையில் விறலியர் காலடிக்கு ஓடி இளைத்த நாயின் நா உவமையாகின்றது. அங்கு நாய்க்கு அடையாக வருவது உயங்குதல் என்னும் வினையே. தொல்காப்பியர் உயாவுக்குக் கூறிய பொருளும் அதுவே. இவ்வுவமையை அடியின் மென்மைக்கும் செம்மைக்கும் மட்டும் உரியதாகக் கொண்டு மாணவர் எழுதிவிடுகின்றனர். தளர்ந்த அடிக்குத் தளர்ந்த உயிரின் நாவைக் கொணர்ந்த புலவன் அழகை மட்டுமா கருதினான்? இளையர் அவ்வடியை மெல்ல வருடிக் கொடுத்தலும் அப்பாட்டிலேயே வருகின்றது. காரணம் தெரிந்த அயர்வு அது. நடை காரணம், ஓய்வும் வருடலும் மருந்து. பொருநராற்றுப்படை விறலியின் அடியிற் கொப்புளமும் காட்டுகின்றது. தொல்காப்பியர் வருத்தம் என்று பிரித்தது இவ்வகையினையே எனலாம்.

காரணம் தெரியாத வலியும், ஓய்வால் தீராத அயர்வும் தன்கூற்றாக ஒருங்கே பேசப்பெறும் இடம் திருவதிகை வீரட்டானப் பதிகம். நான்காம் திருமுறையின் முதற்பதிகம் அது. கொல்லிப் பண்ணில் அமைந்த பத்துப் பாடல்கள். முதற்பாடல் நோயின் முதல் இயல்பாகக் கூறுவது அது தோற்றாமையே. உள்ளே குடரோடு பிணித்து முடக்குகின்றது. வெளியே காட்டுதற்கு ஒன்றுமில்லை. பசலையைத் தாய் கண்டாள். இதனைக் காண்பார் எவருமிலர். ஆகவே சொல் ஒன்றே சான்று. பதிகம் முழுவதும் வினைச்சொற்கள் நெருங்கி நிற்பதற்குக் காரணம் இதுவென்று கருதுகின்றோம்.

அச்சொற்களின் வரிசை ஆராயத்தக்கது. முதலிரு பாடல்களில் முடக்குதல். இரண்டாவதில் நஞ்சாகி நலிதல். மூன்றிலும் நான்கிலும் சுடுதல். ஏழாவதில் சூலை வலிக்கின்றது. அங்குப் பறித்தல், புரட்டுதல், அறுத்தல், ஈர்த்தல் என நான்கு தொழில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. எட்டாவதில் கலக்குதலும் மலக்குதலும் கவர்ந்து தின்னுதலும். வலி ஒரு பண்பாகவன்றிச் செயலாக, உள்ளிருந்து ஒருவன் செய்யும் கொடுமையாக உணரப்படுகின்றது. இனி, நோயுற்றவர் தம்மைக் குறித்துக் கூறும் வினைகள் வேறு வரிசையாகச் செல்கின்றன. முதற்பாடலில் ஆற்றேன் என்றார், ஆறாவதில் அலந்தேன், ஏழாவதில் அயர்ந்தேன், எட்டாவதில் அலுத்தேன். பொறுக்கலாற்றாமை துன்பமாகி, துன்பம் தளர்ச்சியாகி, தளர்ச்சி சலிப்பாக முடிகின்றது. சூலையின் வினைகள் மிகுந்து நெருங்கும் அவ்விரு பாடல்களிலேயே அவருடைய வினை தளர்வுச் சொல்லாதல் காண்க. நெடிது நின்ற வலி அயர்வாக மாறும் என்பதனை இவ்வளவு நுணுக்கமாகக் கூறிய இடம் பழந்தமிழில் வேறில்லை எனத் துணியலாம்.

இதற்கு ஒரு தடை எழும். இச்சொற்களெல்லாம் அதிகை என்னும் ஊர்ப்பெயரோடு மோனை பொருந்த அகரத்திலும் ஆகாரத்திலும் தொடங்குவன. எதுகையும் அவ்வப்பாடலின் முதலடிக்கு ஏற்ப வருவது. ஆகவே யாப்பு வேண்டியதால் வந்த சொல்லே அன்றிக் கருத்து வேண்டியதால் வந்தனவல்ல என்பர். தடை வலிவுடையதே. எனினும் யாப்பு சொல்லின் முதலெழுத்தையும் இரண்டாமெழுத்தையும் கட்டுப்படுத்துமேயன்றிப் பொருளைக் கட்டுப்படுத்துவதில்லை. முதலடியின் எதுகையைத் தேர்ந்தவரும் புலவரே. மேலும், பத்தாம் பாடலில் வேர்த்தலும் புரளுதலும் விழுதலும் எழுதலும் மீண்டும் வருகின்றன. அலுத்தவர் மறுபடி துடிக்கின்றார். வரிசை நேர்கோடாகச் செல்லாமல் இவ்வாறு திரும்புதல் நம் கருத்துக்கு மாறாகுமோ எனின், ஆகாது. தணிவதும் எழுவதுமாக வருதல் வயிற்றுவலியின் இயல்பு. அயர்வு வந்தபின் வலி நீங்கிவிடும் என்பதும் இல்லை.

ஏழாவதிலும் எட்டாவதிலும் இன்னொரு நுட்பம் உண்டு. ஏழாவதில் வலிக்கின்றது என்பது நோவுப் பொருளது. அடுத்த பாடலின் முதற்சொல்லாகிய வலித்தேன் என்பதோ மனைவாழ்க்கையை உறுதியாகப் பற்றினேன் என்னும் பொருளது. வலி என்பது ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். திருக்குறளில் வலியறிதல் என்பது ஆற்றலை அறிதல். இழுத்து இறுக்குதல் என்னும் நிலையினின்று இருபொருளும் கிளைத்திருத்தல் கூடும். ஆற்றலைக் குறித்த சொல்லே நோவையும் குறித்து வந்து, அடுத்தடுத்த பாடல்களில் இருபொருளும் தோன்ற நின்றமை தற்செயலாயினும் படிப்பாரை நிறுத்தும் இடமாகும்.

சேக்கிழார் இந்நோயைப் புறத்தே நின்று பாடுகின்றார். வடவைத் தீ, கொடிய நஞ்சு, வச்சிரம் ஆகிய கொடியவெல்லாம் ஒன்றாயது போல என்கின்றார்; தருமசேனர் பாம்பின் விடம் தலைக்கேறியது போல மயங்கியதனைக் கூறுகின்றார்; சமணர் மந்திரித்த நீரும் மயிற்பீலியும் பயன்படாமையைக் கூறுகின்றார். காண்பானுக்கு உவமை வேண்டும். உறுவானுக்கு வினையே போதும். பெரியபுராணத்தில் மயக்கம் உண்டு, அலுப்பு இல்லை. அலுப்பு பிறர் கண்ணுக்குப் படாதது.

மேலைநாட்டாரும் இத்துறையில் அண்மையிலேதான் புகுந்தனர். தலைவலியைக் கூற ஆங்கிலத்தில் சொல் இல்லை என்று வர்ஜீனியா உல்ப் 1926ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் வருந்தினார். கனடா நாட்டு மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக் 1975இல் வலியை அளக்க வகுத்த வினாநிரலில் 78 சொற்கள் 20 தொகுதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. வெட்டுதல், கிழித்தல், இழுத்தல், முறுக்குதல், கொறித்தல், சுடுதல் என்னும் பொருளுடைய சொற்கள் அவற்றுள் உண்டு. அப்பர் பதிகத்தின் வினைகளை அவற்றின் எதிரே வைத்துப் பார்த்தல் பயனுடைத்து. அந்நிரலில் ஒரு தொகுதி, களைக்கச் செய்தல், முற்றும் ஓயச் செய்தல் என்னும் இரு சொற்களுக்கே உரியது. வலியை அளக்கும் கருவிக்குள் அயர்வும் இடம் பெற்றுவிட்டது. பைப்ரோமயால்ஜியா என்னும் நோயின் வரையறையும் இவ்வாறே மாறியது. 1990இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் உடலெங்கும் பரந்த வலியையும், 18 இடங்களுள் 11இல் அழுத்தினால் நோதலையும் மட்டுமே அளவாகக் கொண்டது. 2010இல் அயர்வையும் உறங்கியும் தெளியாமையையும் சேர்த்துக்கொண்டது. 2006இல் தமிழகத்திற் பரவிய சிக்குன்குன்யா தன் பெயரைக் கிழக்காப்பிரிக்க மக்கொண்டே மொழியினின்று பெற்றது. உடலை வளைத்து முடக்குவது என்பது அதன் பொருள். கொசுவால் வரும் காய்ச்சலுக்கும் குடரைப் பற்றிய சூலைக்கும் தொடர்பு யாதுமில்லை. முடக்குதல் என்னும் ஒரே உணர்வு இரண்டிடத்தும் சொல்லைப் பிறப்பித்துள்ளது.

இன்று மருத்துவமனைப் படிவங்களையும் நோயாளர்க்கான கையேடுகளையும் தமிழாக்குவோர் அயர்வு வகை அனைத்தையும் சோர்வு என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றனர். களைப்பு உழைத்தபின் வருவது. உண்டு உறங்கினால் நீங்குவது. அசதி காரணமின்றியும் உடலிற் படிவது. அலுப்பு உடலையும் மனத்தையும் ஒருங்கே தொடுவது. இளைப்பு மெலிதலையும் மூச்சு வாங்குதலையும் குறிக்கும். குருதிக்குறையுடையாளின் இளைப்பும் நச்சுக்காய்ச்சல் நீங்கியவனின் அசதியும் ஒருசொல்லால் எழுதப்பட்டால் மருத்துவன் வினவவேண்டிய இரு வினாக்கள் ஒன்றாகிவிடும். வலிக்கும் இவ்வாறே கடுப்பு, குடைச்சல், குத்தல், இசிவு, எரிச்சல் எனப் பல சொல் வழக்கில் உள. யாழ்ப்பாணத்தார் தலையிடி என்பதனைத் தமிழகத்தார் தலைவலி என்பர். முன்னது அதன் இயல்பையும் கூறிவிடுகின்றது.

இவற்றுள் உளைச்சல் தனி ஆராய்ச்சிக்கு உரியது. நெடுந்தொலைவு நடந்தபின் கால் உளைகின்றது என்கின்றோம். அது வலியா, அயர்வா என்று கேட்டால் சொல்லுவார் திகைப்பர். இரண்டும் அதில் உள்ளன. மன உளைச்சல் என்னும் வழக்கில் அச்சொல் உடலைவிட்டு உள்ளத்துக்கும் சென்றுள்ளது. ஊர்தோறும் அச்சொல் எந்நோய்க்கு எவ்வுறுப்பில் ஆளப்படுகின்றது என்பதனைத் தொகுத்தல் முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் செய்து முடிக்கத்தக்க பணி.