தோளில் தொங்கும் நான்கு கிலோ

1951-இல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் விற்பனைக்கு வரும்வரை, பேஸ் வாசிப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தோள் என்பது ஒரு கவலையாகவே இருந்ததில்லை. ஆளுயர டபுள் பேஸ் தன் எடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நிற்கும். வாசிப்பவர் அதைச் சற்றே சாய்த்துப் பிடித்துக்கொண்டால் போதும். ஃபெண்டர் அதைக் கிட்டார் வடிவத்துக்குச் சுருக்கியபோது ஊரூராகத் தூக்கிச் செல்வது எளிதானது. ஆனால் தரை சுமந்துகொண்டிருந்த எடை மனிதத் தோளுக்கு வந்து சேர்ந்தது. இன்று விற்கும் பேஸ் கிட்டார்களில் பெரும்பாலானவை மூன்றரை கிலோவிலிருந்து நாலரை கிலோ வரை இருக்கும். 1970-களில் செய்த ஆஷ் மரப் பேஸ்கள் சில ஐந்து கிலோவைத் தொட்டுவிடும். இத்தனையும் இரண்டே திருகுகளிலும் ஒரு ஸ்ட்ராப்பிலும் தொங்குகிறது.

எந்த ஸ்ட்ராப் வாங்கலாம் என்று யாரைக் கேட்டாலும் இப்போது கிடைக்கும் பதில் அநேகமாக ஒன்றுதான்: அகலமாக, மெத்தை வைத்ததாக ஒன்றை வாங்கு, இரண்டு முனையிலும் உலோக ஸ்ட்ராப் லாக் போட்டுவிடு. அகலம் சுகத்துக்கு, லாக் பாதுகாப்புக்கு. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பார்வையில் இந்த யோசனை பாதிக்குத்தான் சரி. பல நேரங்களில் அது சிக்கலைத் தீர்க்காமல் வேறு இடத்துக்கு நகர்த்திவிடுகிறது.

பாதுகாப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ராப் எந்த நேரத்தில் கழல்கிறது? பேஸ் முழுப் பாரத்தோடு தொங்கும்போது அது கழல்வது அபூர்வம். அந்தப் பாரமே ஸ்ட்ராப்பின் தோல் முனையைப் பேஸில் திருகிய பட்டனின் இடுப்போடு இழுத்துப் பிடித்திருக்கும். ஆபத்து வருவது பாரம் இல்லாத நேரத்தில். இரண்டு பாட்டுக்கு நடுவே ஸ்டூலில் உட்காருகிறோம். ஆம்ப்பின் குமிழைத் திருக, பேஸை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிகிறோம். ஸ்ட்ராப் தொய்கிறது, முறுக்கிக்கொள்கிறது. அந்த முறுக்கில் தோல் முனை பட்டனின் தலைமேல் பாதி ஏறி நின்றுவிடுகிறது. நிமிர்ந்து கையை எடுக்கும்போது பேஸ் கீழே போகிறது. அதனால் துணி எத்தனை கிலோ தாங்கும் என்ற கணக்கு இங்கே அவ்வளவாக உதவாது. தொய்ந்த நிலையிலும் முனை பட்டனை விடாமல் பிடித்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இதை விரலாலேயே சோதித்துவிடலாம். நல்ல புதுத் தோல் முனையைப் பட்டனில் ஏற்றக் கட்டைவிரல் நோக அழுத்த வேண்டியிருக்கும். துளையும் அதிலிருந்து நீளும் கீறலும் விறைப்பாக இருக்கும். ஏற்றிய பிறகு முனையைப் பிடித்துத் திருகினாலும் வெளியே வராது. சில வருடம் உழைத்த முனையைப் பாருங்கள்: வட்டமாக இருந்த துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருக்கும், விளிம்பு கறுத்து வழவழப்பாகியிருக்கும், கீறல் வாய் பிளந்திருக்கும். அதைக் கழற்ற ஒரு விரல் போதும். கழற்ற ஒரு விரல் போதும் என்றால், கழல ஒரு குனிதல் போதும். நைலான் ஸ்ட்ராப் வாங்குகிறவர்கள் துணியின் நிறத்தையும் பூ வேலையையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது துணியும் தோல் முனையும் சேரும் தையலை. சதுரமாகத் தைத்து நடுவே குறுக்கும் நெடுக்குமாக இழை ஓடியிருந்தால் நம்பலாம். ஒற்றை வரித் தையல் என்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

உலோக லாக்குகள் இந்தத் தொய்வு நேர ஆபத்தை அநேகமாக ஒழித்துவிட்டன. அந்தப் பெருமையை அவற்றுக்குத் தந்தே ஆக வேண்டும். ஷாலர் நிறுவனத்தின் லாக்கில் ஸ்ட்ராப்போடு இருக்கும் லாட வடிவத் துண்டு பட்டனைத் தழுவி உட்காரும். ஸ்பிரிங் ஊசி ஒன்று நடுவே இறங்கிப் பூட்டும். லாடத்தின் மூடிய பக்கம் கீழே இருக்கும்படி மாட்டினால், ஊசி பழுதானால்கூட பேஸ் அந்த லாடத்திலேயே தங்கிவிடும். டன்லப் நிறுவனத்தின் லாக்கில் ஸ்ட்ராப் பக்கத்து ஊசி பட்டனின் குழிக்குள் போகும். சிறு குண்டுமணிகள் உள்ளே பிடித்துக்கொள்ளும். இரண்டும் கச்சிதமான வேலைப்பாடு. ஆடியாடி வாசிக்கிறவர்களும், பேஸைச் சுழற்றி முதுகுக்குக் கொண்டுபோகிறவர்களும் லாக் இல்லாமல் மேடையேறக் கூடாது என்பதே என் கருத்து.

ஆனால் தோலும் பட்டனும் சேரும் இடத்தில் இருந்த பலவீனம், லாக் போட்டதும் திருகும் மரமும் சேரும் இடத்துக்குப் போய்விடுகிறது. லாக்கோடு புதுப் பட்டனும் புதுத் திருகும் வரும். அந்தத் திருகு பேஸில் ஏற்கெனவே இருக்கும் துளைக்குப் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மெலிந்த திருகு பெரிய துளையில் மரையே பிடிக்காமல் சும்மா சுற்றும். தடித்த திருகைச் சின்னத் துளையில் பலவந்தமாக ஏற்றினால் மரம் வெடிக்கும், அல்லது திருகின் தலை முறியும். பழைய துளையில் மூங்கில் பல்குச்சிகளை மரப்பசையில் தோய்த்து அடைத்து, ஒருநாள் காயவிட்டு, சரியான அளவில் புதிதாகத் துளையிட்டுத் திருகுவது, காயும் நேரம் போக, தச்சருக்குப் பத்து நிமிட வேலை. லாக் வாங்குகிறவர்களில் இதைச் செய்கிறவர்கள் குறைவு. அப்புறம் ஸ்ட்ராப் பக்கத்து நட். ஷாலரின் பழைய மாடலில் அது நாளடைவில் தளரும் என்பது இசைக்கருவி பழுதுபார்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். ஒரு சொட்டு நகப்பூச்சு வைத்து நிறுத்துவார்கள். டன்லப்பில் தொல்லை வேறு: முழுவதும் உள்ளே போய் 'டக்' என்று உட்காராவிட்டால், மாட்டியது போலத் தெரியும், மாட்டியிருக்காது. பூட்டியாயிற்று என்ற தைரியத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெறும் தோல் முனை வைத்திருப்பவருக்கு இருக்கும் எச்சரிக்கை லாக் வைத்திருப்பவரிடம் மங்கிவிடுவதை, லாக்கின் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன்.

இவற்றுக்கு நடுவே ரப்பர் வளையம் என்று ஒன்று இருக்கிறது. டச்சு க்ரோல்ஷ் பீர் பாட்டிலின் மூடியில் வரும் வளையத்தை எடுத்துப் பட்டன்மேல் மாட்டுவது கிட்டார்காரர்களின் பழைய உபாயம். பின்னால் ஃபெண்டர் நிறுவனமே அதே வடிவில் தயாரித்து விற்க ஆரம்பித்தது. திருகைத் தொட வேண்டாம், துளை போட வேண்டாம், எந்த ஸ்ட்ராப்போடும் சேரும். ரப்பர் வயதாகி வெடிக்கும், அவசரத்துக்குக் கழற்ற முடியாது, இருட்டில் கீழே விழுந்தால் தேட வேண்டும் என்பவை உண்மைதான். ஆனாலும் ஒரே பேஸ், ஒரே ஸ்ட்ராப், நின்ற இடத்தில் வாசிப்பு என்று இருப்பவருக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். மூன்று நான்கு பேஸ்களை மாற்றி மாற்றி எடுப்பவருக்குத்தான் உலோக லாக்கின் முழுப் பயன் கிடைக்கும்.

சுகத்துக்கு வருவோம். அகலம் உதவுகிறதா என்றால், உதவுகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். நான்கு கிலோ பேஸ், தோளில் சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஸ்ட்ராப் பதிகிறது என்று வையுங்கள். ஐந்து சென்டிமீட்டர் அகல ஸ்ட்ராப்பில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 53 கிராம் விழும். ஒன்பது சென்டிமீட்டர் அகலத்தில் அது 30 கிராம். கிட்டத்தட்ட பாதி. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசைக்கு இது பெரிய ஆறுதல். ஆனால் அழுத்தம்தான் குறைகிறது, எடை குறையவில்லை. இடது தோள் அதே நான்கு கிலோவைச் சுமக்கிறது, முதுகு அதே பக்கம் சாய்கிறது. ஒடுங்கிய தோள் உள்ளவருக்கோ பத்து சென்டிமீட்டர் ஸ்ட்ராப்பின் உள்விளிம்பு கழுத்தையே அறுக்கும். பால் மெக்கார்ட்னியின் கையில் புகழ்பெற்ற ஹாஃப்னர் 500/1 உள்ளே கூடான கருவி, எடை இரண்டரை கிலோ அளவில்தான். அதற்குப் போய் மெத்தை ஸ்ட்ராப் போடுவது வீண்.

அகலத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஸ்ட்ராப் விளம்பரங்களில் அதைப் பார்க்க முடியாது. பேஸின் கழுத்துப் பக்கம் தானாகக் கீழே சரிவது, வாசிப்பவர்கள் நெக் டைவ் என்று சொல்வது. பிரிசிஷன் பேஸின் மேல் கொம்பு நீண்டு பன்னிரண்டாம் ஃப்ரெட் வரைக்கும் போகிறது. முன் பட்டன் அந்தக் கொம்பின் நுனியில் இருக்கிறது. அதனால் எடையின் மையம் இரண்டு பட்டன்களுக்கும் நடுவே வசதியாக விழுகிறது. கிரீம் குழுவின் ஜாக் புரூஸ் வாசித்த கிப்சன் ஈபி-3 மாதிரிப் பேஸ்களில் முன் பட்டன் உடலின் பின்பக்கம், கழுத்தின் அடியில் இருக்கும். தாங்கும் புள்ளி உடல் பக்கம் போய்விட்டதால் கழுத்தும் தலையும் கீழே இழுக்கின்றன. தலையில் கனமான டியூனர்கள் வேறு.

இதற்கு வழக்கமான மருந்து, உள்பக்கம் சொரசொரப்பான ஸ்வேட் தோல் ஸ்ட்ராப். சட்டையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும், பேஸ் சரியாது. பலன் உடனே தெரியும் என்பதால் இது பரவலாகிவிட்டது. ஆனால் சரியும் விசை எங்கும் போய்விடவில்லை. உராய்வு அதைத் தோளிலேயே நிறுத்திவைக்கிறது. சட்டை கழுத்துப் பக்கம் இழுபடுகிறது. உராய்வு போதாத மிச்சத்தை இடது கை சுமக்கிறது. கம்பியை அழுத்தும் கை கழுத்தையும் தாங்கிக்கொண்டிருந்தால் இடம் மாறி வாசிப்பது தடுமாறும், கட்டைவிரல் இறுகும். மேல் கொம்புக்குப் பட்டனை மாற்றுவதும், எடை குறைந்த டியூனர்கள் போடுவதும்தான் காரணத்தைத் தொடும் வைத்தியம். அவை முடியாதபோதுதான் சொரசொரப்புத் தோல். உங்கள் பேஸ் எந்த ரகம் என்று அறிய, வழுக்கும் நைலான் ஸ்ட்ராப்பில் மாட்டி, வாசிக்கும் உயரத்தில் வைத்து, இரண்டு கைகளையும் எடுத்துவிட்டு நில்லுங்கள். கழுத்து எங்கே போய் நிற்கிறதோ, அங்கே போகத்தான் அது இத்தனை நாளாக உங்கள் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது.

நியோப்ரீன் ஸ்ட்ராப்புகளைப் பற்றி எனக்குப் பெரிய உற்சாகம் இல்லை. நீச்சல் உடைக்குப் பயன்படும் அந்த ரப்பர் மெத்தை இழுபடுவதால், நகரும்போது வரும் குலுக்கல் தணிகிறது. பேஸே லேசானது போலத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் முதல் அரைமணி நேரத்துக்கு உண்மையிலேயே இதமானது. ஆனால் இழுபடும் ஸ்ட்ராப்பில் பேஸ் ஓர் இடத்தில் நிற்காது; பார்க்காமல் வாசிக்கும் கைக்கு ஃப்ரெட்டுகள் நகர்ந்துகொண்டே இருப்பது போல இருக்கும். காற்றும் புகாது. சென்னை வெயிலில் சாயங்காலத் திறந்தவெளி மேடையில் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் தோள் முழுக்க ஈரம்தான். தோல் வியர்வையை உறிஞ்சும், ஆனால் அப்படியே பைக்குள் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றில் உலர்த்திய பிறகே வைக்க வேண்டும். கார் சீட் பெல்ட் போன்ற நெசவு நைலான் சீக்கிரம் காயும், வழுக்கும். சமநிலை சரியாக உள்ள பேஸுக்கு அந்த வழுக்கல்கூட நல்லதுதான். உட்கார, நிமிர, திரும்ப வசதி. நைட்ரோ லாக்கர் பூச்சு உள்ள பழைய பேஸ் வைத்திருப்பவர்கள் ரப்பரோ வினைலோ உள்ள ஸ்ட்ராப்பைப் பேஸின்மேல் சுற்றி வைக்க வேண்டாம். அவை பூச்சோடு வினைபுரிந்து கறை விடும், பூச்சை இளக்கும்.

நீளம். ரமோன்ஸின் டீ டீ ரமோனும் நியூ ஆர்டரின் பீட்டர் ஹூக்கும் பேஸை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு வாசித்தார்கள். லெவல் 42-இன் மார்க் கிங் ஏறக்குறைய மார்பிலேயே வைத்துக்கொண்டு ஸ்லாப் வாசிப்பார். இரண்டுமே மேடைக்குக் கம்பீரம்தான். ஆனால் தாழ இறக்கினால் இடது மணிக்கட்டு மடங்கும், உயர ஏற்றினால் வலது மணிக்கட்டு மடங்கும். மடங்கிய மணிக்கட்டோடு மணிக்கணக்கில் வாசிப்பது தசைநாண்களுக்கு நல்லதில்லை. உட்கார்ந்து வாசிக்கும்போது பேஸ் எந்த உயரத்தில் இருக்கிறதோ, நிற்கும்போதும் அதே உயரத்தில் ஸ்ட்ராப் பிடிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் சொல்வதை நான் முழுக்க ஏற்கிறேன். வீட்டில் உட்கார்ந்து பழகிய கை மேடையில் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை. அதனால் ஸ்ட்ராப்பின் மிகக் குறைந்த நீளத்தையும் கடையில் கேளுங்கள். அகலமான தோல் ஸ்ட்ராப்புகள் பல, குட்டையான உடம்புக்காரருக்கு வேண்டிய அளவு சுருங்குவதில்லை. நீளத்தைத் தோல் நாக்கைத் துளைகளில் கோத்து மாற்றும் ரகம் நிலையாக நிற்கும். பிளாஸ்டிக் கொக்கி ரகம் வழவழப்பான நைலானில் மெல்ல மெல்ல இறங்கும். கச்சேரி முடியும்போது பேஸ் இரண்டு விரல் கீழே போயிருக்கும்.

ஐந்து கிலோவை நெருங்கும் பேஸோடு மணிக்கணக்கில் நிற்க வேண்டியவருக்கு ஒற்றைத் தோள் ஸ்ட்ராப் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், அது எத்தனை அகலமாக இருந்தாலும் சரி. கையோ விரலோ மரத்துப்போகிறதென்றால் ஸ்ட்ராப் கடைக்கு முன்னால் டாக்டரிடம் போவதே சரி. இரண்டு தோளிலும் எடையைப் பிரிக்கும் இரட்டை ஸ்ட்ராப்புகள் இப்போது கிடைக்கின்றன. பலர் தோற்றத்துக்காக அவற்றை ஒதுக்குகிறார்கள். பள்ளிப் பை மாதிரி இருக்கிறது என்கிறார்கள். இந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நியாயமான குறைகள் வேறு: மாட்டவும் கழற்றவும் நேரம் ஆகும், பாட்டுக்குப் பாட்டு பேஸ் மாற்றுகிறவருக்கு ஒத்துவராது, முதுகில் துணி கூடுவதால் புழுக்கம். ஒரே பேஸோடு இரவு முழுக்க நிற்கும் தேவாலயக் குழுவினரும் திருமண மேடைக் கலைஞர்களும் இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு அதை ஒருமுறை மாட்டிப் பார்க்கலாம். வாங்கப் போகும்போது உங்கள் பேஸையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கடையின் லேசான பேஸில் மாட்டிப் பார்த்து எடுத்த முடிவு வீட்டிலுள்ள பேஸுக்குப் பொருந்தாது.